தேறும், தேறாது

பொய் சொல்கிறாய் நீ. அந்த ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னைத்தான் சொல்கிறேன். மூலக்கதை என்று போட்டு டிவிப் பெட்டிக்குள் ஒரு பெயர் ஓடுகிறதே, நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஓடிப்போய்விடுகிறதே, அந்தப் பெயர்க்காரனை. பொய் சொல்வதில் எனக்குக் கோபம் கிடையாது. நானும் பொய்யில் பிழைத்தவன்தான். பல்லெல்லாம் முளைத்துக் கடை சேர்ந்த கிழட்டு மாட்டை நாலு பல் இளசு என்று சாதித்திருக்கிறேன், உதைக்கிற பசுவைப் பச்சைப்பிள்ளை கறக்கும் என்று அதன் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறேன். மணப்பாறைச் சந்தையில் ரங்கூன் பொன்னுரங்கம் என்றால் தெரியாதவன் இல்லை, தரகு என்றால் அவன் தரகு, வாய் என்றால் அவன் வாய். ஆனால் என் பொய்க்கு ஓர் எல்லை உண்டு. விழுந்துகிடக்கிற மாட்டைக் காட்டி இது எழுந்து நடக்கும் என்று நான் சொன்னதில்லை. நீ அதைச் செய்துவிட்டாய். மலை வளைவில் அந்த ஆளை நிறுத்தி, தோளில் பையனோடு மெல்ல மெல்லத் திரும்பவைத்து, கண்ணில் நீர் கோக்கவைத்து, பின்னால் புல்லாங்குழலில் தாலாட்டு ஊதவிட்டு, போன வாரம் இந்தத் தெரு முழுவதையும் அழவைத்துவிட்டாய். இந்த வாரமும் அதையே முதலில் போட்டுக் காட்டுகிறாய், ருசி கண்டுவிட்டாய் போலிருக்கிறது. ஒருவன் திரும்பிவிட்டால் அப்புறம் நடக்கமுடியாது, தெரியுமா உனக்கு? கன்றைச் சந்தையிலேயே விட்டுவிட்டுப் பசுவை மட்டும் ஓட்டிக்கொண்டு போகிறவனைப் பார், முகத்தை நேராக வைத்துக்கொண்டு போவான், பசு கத்தும், கன்று கத்தும், அவன் வெற்றிலைக் கடையைப் பார்த்தபடி போவான். அதுதான் நடக்கிற முறை.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரி குருவம்மா கதவோரம் முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மருமகள் விஜயராணி மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், கண் பெட்டியில், விரல் கீரையில். அடுத்த வீட்டுத் தையல்காரர் பெண்டாட்டி ஜைனம்பு எனக்கு முன்னால் பாதித் திரையை மறைத்துக்கொண்டு சம்மணம் போட்டிருக்கிறாள். "திரும்புறான் பாரு, திரும்புறான் பாரு, அல்லாவே, அந்தக் கண்ணைப் பாரு" என்கிறாள். உடனே அதே ஈரக்குரலில், "ஏன் ராணி, காட்டுலயும் மலையிலயும் விழுந்து எழுந்து வர்றவன், பனியன் மட்டும் எப்படி இந்த வெளுப்பு? எந்த சோப்பாம்?" குருவம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாயை மூடு ஜைனம்பு, அழுகையைக் கெடுக்காதே." "அழுதுக்கிட்டேதானேக்கா கேக்கிறேன்." எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரித்த முகத்தைத் துடைக்காமலே மறுபடி அழுகிறார்கள். எனக்கு உள்ளே எரிகிறது. பனியனா? யுத்தத்தில் ரங்கூனை விட்டு மலை வழியாக நடந்து வந்த அன்றைக்கு என் அப்பாவுக்குப் பனியனே கிடையாது. தோளில் ஓர் அரிசிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் என்னை உட்காரவைத்திருந்தார். உப்புப் பூத்த கழுத்து. அந்தக் கழுத்தை நான் நக்கியிருக்கிறேன். காய்ச்சலில் உதடு வெடித்து, நாக்கு தோல்செருப்பு மாதிரி ஆகி, வேறு ஈரம் எதுவும் இல்லாமல் அப்பாவின் பிடரியில் வழிந்த வேர்வையை நக்கினேன். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார், கறக்க நிற்கிற மாடு மாதிரி. இது உன் நாடகத்தில் இல்லை. உன் பையன் தோளில் கன்னம் புசுபுசுவென்று உட்கார்ந்திருக்கிறான், இட்லி தின்றுவிட்டு வந்த முகம். எண்ணெய் வைத்து வாரின தலை. யுத்தத்தை நீ எங்கே பார்த்தாய்? எனக்கும் யுத்தம் என்றால் விமானம் ஞாபகமில்லை, குண்டு ஞாபகமில்லை, அப்பாவின் பிடரி ஞாபகம், அதிலிருந்த மச்சம், மச்சத்தில் ஒரு முடி. மூன்று மாதமோ நான்கு மாதமோ நான் பார்த்த உலகம் அவ்வளவுதான்.

இதோ கூப்பிடுகிறாள். மரத்தடியில் துணி விரித்துக் கிடத்தியிருக்கிற சின்னப் பெண், உன் நாடகத்துக் குட்டி, கையைத் தூக்கி, "ஏய்... ஏய்..." என்கிறாள். சுளீரென்று எனக்குப் பிடரியில் அடிவிழுந்த மாதிரி இருக்கிறது. இந்தச் சொல் எனக்கு ஆகாது. சந்தையில் எல்லாருக்கும் தெரியும், பொன்னுரங்கத்தை வாடா என்று கூப்பிடு, போடா என்று சொல், ஏய் என்று மட்டும் கூப்பிடாதே. ஒருமுறை திண்டுக்கல் பக்கத்து வியாபாரி ஒருவன், நல்ல ஜோடி, பேசி முடியப்போகிறது, துண்டால் மூடிய கையில் விரலைப் பிடித்து விலை சொல்கிறோம், துண்டுக்குக் கீழே விரலும் விரலும் ஒட்டி நிற்கிறது, நான் சட்டென்று வேறு பக்கம் பார்த்தேன் என்று "ஏய் தரகு, இங்கே பாரு" என்றான். அறைந்துவிட்டேன். காது பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் பாவம். மாடு போயிற்று, அந்த வட்டாரத்து ஆட்களே ரொம்ப நாள் என் பக்கம் வரவில்லை. "என்னய்யா, ஏய்னா ஒரு கெட்ட வார்த்தையா?" என்று மற்ற தரகர்கள் கேட்டார்கள். எனக்கே தெரியாது. முன்கோபி என்று பெயர் வைத்தார்கள், வைத்துக்கொண்டேன், தரகனுக்கு அதுவும் ஒரு முதல். குருவம்மாகூடக் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டாள், "இந்தாங்க" என்பாள், "உங்களைத்தான்" என்பாள். பேரப்பிள்ளை பழக்கத்தில் ஏய் தாத்தா என்றால் அவள் ஓடிவந்து அவன் வாயைப் பொத்துவாள். அந்தச் சொல் பின்னாலிருந்து வந்தால் என் முதுகுத்தண்டில் என்னமோ ஓடுகிறது, திரும்பவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை, கை தானாக ஓங்கிக்கொள்கிறது. இப்போது யாரை அறைவது? பெட்டியையா? "பெத்த அப்பனைப் பார்த்து ஏய்ங்குதே, என்ன பிள்ளையோ" என்கிறாள் ஜைனம்பு. "மூணு வயசுக்கு என்ன தெரியும்?" என்கிறாள் குருவம்மா. நான் துண்டை எடுத்து மடியில் போட்டு, ஓங்கின கையை அதற்குக் கீழே செருகிக்கொள்கிறேன்.

அஞ்சலைக்கும் மூன்று வயதுதான். என் தங்கை. அவள் செத்துத்தான் போனாள், விட்டுவிட்டு வரவில்லை, இதை முதலில் தெரிந்துகொள் நீ. பேதி கண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டாள் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அம்மா எங்களோடு இல்லை அப்போது. அவள் வயிற்றில் ஒரு பிள்ளை, மலை ஏறமுடியாது என்று வழியில் புரோம் ஊரிலேயே யாரோ ஒரு செட்டியாருடைய வண்டியில் அப்பா கெஞ்சி ஏற்றிவிட்டிருந்தார். அப்பா, நான், அஞ்சலை மூன்றுபேரும் நடந்து வந்தோம். எனக்குக் காய்ச்சல், அவளுக்குப் பேதி. என்னைத் தோளிலும் அவளை இடுப்பிலுமாகச் சுமந்தார். ரங்கூனில் ஆலையில் நெல்மூட்டை சுமந்த உடம்புதான், ஆனால் மூட்டை சுமக்கிறவனுக்கு நடுவில் கஞ்சி உண்டு. கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது அம்மா அங்கே மணலில் காத்திருந்தாள். அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தாள், அப்புறம் என் முகத்தை, அப்புறம் மறுபடி இடுப்பை. "போயிட்டா. ராத்திரியே போயிட்டா. நல்ல மரமாப் பார்த்துப் புதைச்சேன்" என்றார். அம்மா மணலை அள்ளி அவர்மேல் வீசினாள். அவ்வளவுதான். கப்பலில், ரயிலில், ஊரில், சாகிறவரைக்கும் அவள் அந்த மரம் என்ன மரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை புளி என்றார், ஒரு தடவை தேக்கு என்றார். எனக்கு அப்போதே ஒரு சின்ன உறுத்தல். மரம் மாறலாம், பயத்தில் ஆளுக்கு மரம் மறக்கும். ஆனால் நான் கேட்ட கூப்பாடு? தோளில் கண்ணை மூடிக் கிடந்தபோது பின்னாலிருந்து யாரோ ஏய், ஏய் என்றார்கள், அப்பா நிற்கவில்லை, அது யார்? ராத்திரியே செத்தவள் பகலில் கூப்பிடுவாளா? வேறு யாரோ. வழி முழுக்கக் கூட்டம், விழுந்தவர்கள் நடக்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். யாரோ ஒருத்தர் கூப்பிட்டார், அப்பா திரும்பவில்லை, கல்நெஞ்சு. அப்படித்தான் வைத்திருந்தேன் இத்தனை வருஷமும். கல்நெஞ்சுக்காரன் மகன் நான், எனக்கு மட்டும் என்ன பஞ்சுநெஞ்சா என்று சந்தையில் காலூன்றி நின்றேன்.

விளம்பரம் வந்துவிட்டது. சோப்பு விளம்பரமேதான். ஜைனம்பு கைதட்டி, "பார்த்தியா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டான்" என்று எல்லாரையும் சிரிக்கவைக்கிறாள். விஜயராணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு உன்மேல் கோபமில்லை, பெட்டிக்காரர்கள்மேல். லைப்ரரியில் உன் புத்தகத்தை எடுத்துவந்து படித்து முடித்துவிட்டாள். "கெடுத்துட்டாங்க அத்தை. புஸ்தகத்துல இப்படி இல்லவே இல்ல. அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான்." என் தலை தானாக அவள் பக்கம் போகிறது. "இந்தப் புல்லாங்குழல், தாலாட்டு எல்லாம் இவங்களா சேர்த்துக்கிட்டது. புஸ்தகத்துல அவன் மாட்டுப் பேரா சொல்லிக்கிட்டே போவான், சத்தமா. படிக்கிறப்ப பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன்." அப்புறம் கீரைக்காம்பை ஒதுக்கிப் போட்டபடி, விலை குறைந்த சாமானைப்பற்றிச் சொல்கிற மாதிரி சொல்கிறாள், "அந்தப் பாப்பா சொல்றதும் ஏய் இல்ல. யே. யேன்னு போட்டு, பர்மாவுல தண்ணிக்கு யேம்பாங்கன்னு அடியில எழுதியிருக்கார். இவங்க யாருக்குப் புரியும்னு ஏய்னு மாத்திட்டாங்க போல. அது அப்பனைக் கூப்பிடல அத்தை, தண்ணி கேக்குது." "அடப் பாவமே" என்கிறாள் குருவம்மா. "என்ன சொன்னே?" என்கிறேன் நான். "என்ன மாமா?" "அந்த வார்த்தை. என்ன சொன்னே?" "யே, மாமா. நீங்க ரங்கூன்ல பிறந்தவருதானே, உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. ஆறு வயதில் வந்தவனுக்கு, வந்த நாளிலிருந்து ஊர்ப்பையன்கள் அவன் பேச்சைப் பார்த்துச் சிரித்தபோது ஒவ்வொரு வார்த்தையாகத் துப்பிவிட்டவனுக்கு, என்ன தெரியும்? தெரியாது என்று தலையாட்டுகிறேன். ஆட்டும்போதே தெரிகிறது.

மா சேன். மா சேன் என்று ஒருத்தி. எங்கள் வரிசை வீட்டுக்கு எதிரே மரவீடு, பர்மாக்காரி, கன்னத்தில் சந்தனம் மாதிரி ஒரு மஞ்சள் பூச்சு, வாயில் பெரிய சுருட்டு. அம்மா ஆலைக்குத் தவிடு புடைக்கப் போகும்போது அஞ்சலையை அவளிடம்தான் விட்டுப்போவாள். அதனால் அஞ்சலைக்கு அம்மா என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பர்மாப் பேச்சு. மா சேன் வீட்டு வாசலில், ரோட்டோரமாக, சின்னக் கூரை போட்ட பலகையில் இரண்டு பானை இருக்கும். போகிறவன் வருகிறவன் குடிக்க. அந்த ஊரில் அது ஒரு புண்ணியம். காலையில் பானை கழுவி நிரப்புவது மா சேன், வருகிறவனுக்கு மொண்டு நீட்டுவது அஞ்சலை. எட்டாது அவளுக்கு, முக்காலிமேல் ஏறி நிற்பாள். ரிக்‌ஷாக்காரன் வந்தால், "யே?" சீனாக்காரன் வந்தால், "யே?" நாய் வந்தாலும் "யே?" பாதி ரோட்டில் சிந்தும், பாதி அவள் வயிற்றில் சிந்தும். எனக்கும் நீட்டுவாள், வேண்டாம் என்றால் முகத்திலேயே ஊற்றுவாள். எங்கே இருந்தது இதெல்லாம்? எந்தத் துண்டுக்குக் கீழே கிடந்தது இத்தனை நாளும்? பெட்டியில் எவனோ பல் விளக்குகிறான், வெள்ளைவெளேரென்று, எனக்கு அஞ்சலையின் ஈரப்பாவாடை தெரிகிறது, முட்டியில் ஒட்டின பாவாடை. அந்த மலைப்பாதையிலும் அங்கங்கே பானைப் பலகை உண்டு. பெரும்பாலானதில் தண்ணீர் இல்லை, கவிழ்ந்தும் உடைந்தும் கிடந்தன. தண்ணீர் இருந்த ஒன்றிரண்டையும் அப்பா தொடவிடவில்லை, பேதி அதில்தான் வருகிறது என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டார்கள். இவளோ ஊருக்கே மொண்டு கொடுத்தவள். பானைப் பலகையைக் கண்டபோதெல்லாம் இடுப்பிலிருந்து கை நீட்டியிருப்பாள். யே. யே. அவள் எங்களைக் கூப்பிடவே இல்லை. விட்டுவிட்டுப் போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள். நான் அதை ஒரு அதட்டலாக எடுத்துக்கொண்டு ஐம்பது வருஷமாக ஊரிலிருப்பவனை எல்லாம் அறைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மாட்டுப் பேர். அது எங்கிருந்து கிடைத்தது உனக்கு? செவலை, மயிலை, காரி, மறை, எல்லாம் மாட்டு நிறம். ஊரில் ஆயிரம் பேர் பர்மாவிலிருந்து நடந்து வந்தார்கள், ஆயிரம் பேரும் ஒவ்வொருத்தரை விட்டுவிட்டு வந்தார்கள், இருக்கட்டும். ஆனால் விட்டுவிட்டு வருகிறபோது மாட்டு நிறத்தைக் கத்திக்கொண்டே வந்தவன் ஒருத்தன்தான் இருக்கமுடியும். எனக்கு நிறம் பழகினதே என் அப்பாவின் தோளில்தான். அதற்குமுன் அவ்வளவு பேசினதே இல்லை அவர், அதற்குப்பின்னும் பேசினதில்லை. அன்றைக்கு, அந்த ஏற்றத்தில், திடீரென்று தொண்டை கிழிய ஆரம்பித்தார். "நம்ம ஊர்ல ஒரு செவலை இருந்துச்சுடா ரங்கம், தெரியுமா, செவலை, கொம்பு இப்படி வளைஞ்சிருக்கும், அப்புறம் ஒரு மயிலை, மயிலைன்னா சாம்பல், மழை மேகம் மாதிரி, சொல்லுடா, மயிலை, சொல்லு" என்று தொடையில் கிள்ளினார். நான் "மயிலை" என்றேன். "சத்தமா." "மயிலை." "காரி." "காரி." இரண்டுபேரும் கத்திக்கொண்டு போனோம். விளையாட்டு என்று நினைத்தேன். அந்தப் பயணத்திலேயே நல்ல நேரம் அதுதான் என்று வைத்திருந்தேன். மாட்டுத் தொழிலுக்கு வந்ததே அந்தக் குரலுக்காகத்தான் என்றுகூட யாரிடமோ பெருமை பேசியிருக்கிறேன். அடப்பாவி. அடப்பாவி மனுஷா. நான் கேட்கக்கூடாதென்று கத்தினீர்களா? நான் கேட்டுவிட்டால் இறங்குகிறேன் என்பேன் என்றா? இல்லை, உங்களுக்குக் கேட்கக்கூடாதென்றா? என் வாயால் என் தங்கை குரலை மூடினீர்களா அப்பா? இது எனக்குமட்டும் தெரிந்தது, எனக்கே இப்போதுதான் தெரிந்தது, உனக்கு எப்படித் தெரியும்?

வந்தாய் நீ. எனக்கு ஞாபகம் வருகிறது. நான் உன்னைப் பார்க்கவில்லை. அப்பா சாவதற்கு முந்தின கோடையில், நான் சந்தையிலிருந்து சாணிக்காலோடு வந்தபோது குருவம்மா சொன்னாள், "யாரோ கண்ணாடி போட்ட பிள்ளை வந்துச்சுங்க, பர்மாக் கதை கேட்டுக்கிட்டு. உங்கப்பா மத்தியானம் பூரா பேசினாரு. பேசினாருங்கறேன், நம்ப மாட்டேங்கறீங்க." நம்பவில்லை. "அந்த ஆளா? அந்த ஆள் வாயில் கொழுக்கட்டை" என்றேன். அவர் வாசலில் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆமாம், எங்கள் வாசலிலும் ஒரு பானை உண்டு, இன்றைக்கும் இருக்கிறது. ஊருக்கு வந்த நாளிலிருந்து தினம் காலையில் பானை கழுவி நிரப்பி, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பார். எவனாவது தாகத்தோடு போனால் எழுந்து நின்று மொண்டு கொடுப்பார், குடித்து முடிக்கிறவரைக்கும் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். குடிக்கிறவனுக்கே கூச்சமாகிவிடும். இன்னொன்றும் வருகிறது, வராதே என்றாலும் வருகிறது. ஒருநாள் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தார். தாயும் கன்றுமாக ஒரு பேரம், கன்று கழிந்து கிடக்கிறது, வாங்குகிறவன் ரெண்டையும் வண்டியிலேற்ற இடமில்லை என்று இழுக்கிறான். நான் கன்றின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், தினம் சொல்கிறதுதான், "அது தேறும். இது தேறாதுய்யா. விட்டுட்டு, தேறுறதை ஓட்டிக்கிட்டுப் போ." பின்னால் தூக்குச்சட்டி விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பா புழுதியில் உட்கார்ந்திருந்தார், சாம்பார் அவர் வேட்டியெல்லாம். "என்ன, வெயிலா?" என்றேன். என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார், வாங்கின மாட்டை வீட்டில் கட்டின பிறகு ஒருத்தன் பார்ப்பானே, சரியாகத்தான் வாங்கினோமா என்று, அந்தப் பார்வை. எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது, புரிந்து என்ன? இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. ஏற்றம் செங்குத்து. இமையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். தேறினது நான்.

அதை உன்னிடம் சொன்னார். என்னிடம் எப்படிச் சொல்வார்? "உன்னை விட்டிருக்கலாம்" என்றா சொல்வார், "அவளை விட்டது சரி" என்றா சொல்வார்? வழியோடு போகிறவனிடம்தான் சொல்லமுடியும். சரி. நீ பொய் சொல்லவில்லை. ஏய் என்று மாற்றினது உன் வேலையில்லை, திரும்பவைத்ததும் நீ இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கணக்கு தீரவில்லை. விளம்பரம் முடிந்து மறுபடி நாடகம் ஓடுகிறது, அவர்கள் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள், படகில் ஏறப்போகிறார்கள், ஒருத்தி மணலை அள்ளி வீசுகிறாள், ஜைனம்பு விக்கி விக்கி அழுகிறாள், குருவம்மா மூக்கைச் சிந்துகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, நான் இன்னும் மரத்தடியிலேயே நிற்கிறேன். "ராணி" என்கிறேன். "அந்தப் பாப்பா என்ன ஆச்சு? புஸ்தகத்துல?" "அதோட சரி மாமா. அவங்க வளைவு திரும்பினதும் அடுத்த அத்தியாயம் வந்துடும். அதுக்கப்புறம் அவளைப் பத்தி ஒரு வரிகூடக் கிடையாது." "செத்துப்போனாளா?" "அதுகூடப் போடல மாமா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். கீரை உருவுகிற விரல் நின்றுவிடுகிறது. "மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? அத்தை, மாமாவைப் பாருங்க." "வெயில்" என்கிறேன். விளக்கு வைத்த நேரத்தில் என்ன வெயில்? குருவம்மா எழுந்து வாசலுக்குப் போகிறாள், எனக்குத் தெரியும் எதற்கென்று. பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.

ஆக, நீயும் அவளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கிறாய். அவர் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, யே என்ற சொல்லைக்கூடச் சிந்தாமல் வாங்கிக்கொண்டு, வளைவு வந்ததும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டாய். என் அப்பாவுக்காவது தோளில் நான் இருந்தேன். உன் தோளில் என்ன பாரம்? உனக்கு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்? உன்னைப் பேனாதானே அந்த வழி கூட்டிப்போயிற்று, ஒரு நிமிஷம் அதை நிறுத்தியிருந்தால் உனக்கு என்ன செத்துப்போயிருக்கும்? வா, பேசுவோம். மடியில் துண்டு கிடக்கிறது பார். இதற்குக் கீழே கையை விடு. நான் பேரத்தை எப்போதும் உச்சியிலிருந்துதான் ஆரம்பிப்பேன், கேட்டு மலைக்காதே. அஞ்சலை பிழைக்கவேண்டும். பிழைத்து, வளர்ந்து, காது மடலில் தோடு போட்டு, ஒரு முரட்டுப் புருஷனோடு மல்லுக்கட்டி, இன்றைக்கு இந்தக் கூடத்தில் ஜைனம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒரு குட்டிக்காக மூக்கைச் சிந்தவேண்டும். விரலை இழுக்கிறாயே. முடியாதா? சரி, இறங்குகிறேன். எங்களிடம் வரவேண்டாம். மா சேனைப் போல ஒருத்தி அந்த வழியாகச் சுருட்டும் கையுமாக வரட்டும், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போகட்டும், வேறு பெயர் வைத்து வளர்க்கட்டும். அவளுக்கு எங்கள் முகம் மறந்துபோகட்டும், எனக்குச் சம்மதம். அதுவும் கட்டாதா? நடந்ததை மாற்றமாட்டேன் என்கிறாயா, அப்படியே வைத்துக்கொள். என் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். அவரை நடக்கவிடு, மாட்டுப் பேரைக் கத்திக்கொண்டு அவர் போகட்டும், நானும் கத்துகிறேன், எங்களை விடு. அவளை வெயிலில் போடாமல் நிழலில் போட்டாய், அதற்கு உனக்குப் புண்ணியம். இனி நான் கேட்பது ஒன்றுதான், காதைக் கொடு. அந்த வளைவில் ஒரு பானைப் பலகை வை. ஒன்று கவிழாமல் இருக்கட்டும். வழியோடு வருகிற ஒருத்தன், யாராவது ஒரு போக்கற்றவன், பெயர்கூட வேண்டாம் அவனுக்கு, அவள் கேட்கிற சொல் அவனுக்குப் புரியட்டும். குனிந்து, தலையை ஏந்தி, வாயில் சிந்தாமல் ஊற்றட்டும். அவள் குடித்து முடிக்கிறவரைக்கும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். நாலு வரி ஆகுமா உனக்கு? அடுத்த வாரம் கடைசி வாரமாம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது உன் கையில். குருவம்மா கொட்டாங்குச்சியை என் வாயருகே நீட்டிக்கொண்டு நிற்கிறாள், "குடிங்க, இந்தாங்க, உங்களைத்தான்" என்கிறாள், எனக்கு இறங்காது, இது என் தாகமில்லை. விரலைப் பிடித்திருக்கிறேன், இழுக்காதே, இதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன். ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர். அவளுக்குக் கொடு. கொடுத்துவிட்டு அப்புறம் நட.